கை ஒடிக்கும் வண்டி

பழைய காரைக் கிளப்பும் இரும்பு ஹாண்டிலை முன்னால் ரேடியேட்டருக்குக் கீழே உள்ள துளையில் நுழைத்து, உள்ளே பல்லோடு பல் பொருந்தும்வரை மெதுவாகத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். பெரிய சத்தமில்லை, வேறு யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் நான் மாடியறையில் குழந்தைகளுக்குத் தொட்டில் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது பின்கட்டுக் கொட்டகையில் அந்தச் சத்தம் கேட்டால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டாக்டரம்மா வெறுமனே ஹாண்டில் பொருந்துகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். அது தெரிந்தும் அடுத்த சத்தம் வருகிறதா என்று காத்திருப்பேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் டாக்டரம்மா சொந்தமாகப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தினார். ஆஸ்பத்திரி என்றால் சில கட்டில்கள் போட்ட ஒரு மாடி வீடு, ஓர் ஆயா, நர்ஸாக நான். நான் சைதாப்பேட்டைக்காரி. நைனா தறி நெய்தார். என்னை நர்ஸுக்குப் படிக்கவைத்ததற்காகத் தெருவே அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. டாக்டரம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். கோயில் மாடவீதியில் இருந்த உறவுக்காரர்கள் எவரும் அவர் வீட்டுப் படி ஏறுவதில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் பிரசவம் சிக்கலானால் இவரைத்தான் கூப்பிட்டனுப்புவார்கள். நகரத்தில் அந்த மாதிரிக் கை இரண்டோ மூன்றோதான் இருந்தது. குறுக்கே கிடக்கும் குழந்தையை உள்ளே கைவிட்டுத் திருப்பி, காலைப் பிடித்து வெளியே கொண்டுவருவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் ஏதோ காய் நறுக்குகிறவர்போல இருக்கும்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை, பழைய அமெரிக்கக் கார்கள். புது வண்டி வாங்க வசதி இல்லாமல் இல்லை. அவருக்கு வேண்டியதெல்லாம், யாரோ பல வருஷம் ஓட்டிவிட்டு ஷெட்டில் தள்ளி, கோழி அடைகிற இடமாகிவிட்ட வண்டி. இங்கிலாந்திலிருந்து வரும் சீமை வண்டிகளைத் திரும்பிப் பார்க்கமாட்டார். அவை பெயரை நெற்றியிலேயே எழுதிக்கொண்டு நிற்கும், அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பார். அமெரிக்காவில் அப்போது ஊருக்கு ஊர் யாராவது கார் செய்துகொண்டிருந்தார்களாம். இரண்டு வருஷம் செய்வார்கள், மூடிவிடுவார்கள். ஒருவர் எஞ்சினை இன்னொருவர் வாங்கிப் பொருத்துவார். அப்படி வந்த வண்டிகள் மெட்ராஸுக்குக் கப்பலேறி, கை மாறி, பெயர்த்தகடு கழன்று அநாதையாகக் கிடக்கும். டாக்டரம்மா போய்க் குனிந்து, சக்கரத்தின் குடத்தைத் துடைத்து, எஞ்சினில் வார்த்த எழுத்தைத் தடவிப் பார்த்து, இன்ன ஊரில் இன்னார் செய்தது என்று சொல்லுவார். கச்சேரியில் முதல் வரியிலேயே ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டவர் முகத்தில் ஒரு பூரிப்பு வருமே, அது அவர் முகத்திலும் வரும். எனக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழைந்ததில்லை.

இந்த வண்டி அடையாற்றங்கரையில் ஒரு பங்களாவில் கிடைத்தது. வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போகிறார் என்று சாமான்களை ஏலம் விட்டார்கள். ஷெட்டின் மூலையில், மர ஆரக்கால் போட்ட சக்கரங்களோடு, பித்தளை விளக்குகள் பச்சை பூத்து, அது நின்றது. டாக்டரம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது பங்களா வாட்ச்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “அம்மாவாண்ட சொல்லு. இந்த வண்டி வாணாம். ரெண்டு டிரைவர் கைய ஒடிச்சிகீது. ஒருத்தனுக்குக் கை சேரவே இல்ல, இப்ப மார்க்கெட்டுல சும்மா குந்திகினு கீறான். அதுக்கப்பால யாரும் தொடல” என்றான்.

திரும்பி வரும்போது அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அன்று அவர் விளக்கிச் சொன்னதுதான் பிறகு என் தூக்கத்தைக் கெடுத்தது. எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு பொறி விழவேண்டும். அது எப்போது விழவேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே ஒரு சின்ன லீவர் இருக்கிறது. ஹாண்டில் சுற்றும்போது பொறி தாமதமாக விழவேண்டும், அதற்கு லீவரை மேலே தள்ளிவிட வேண்டும். வண்டி ஓடத் தொடங்கியபின் கீழே இழுத்தால் பொறி முந்தி விழும், வேகம் கிடைக்கும். மேலே தள்ள மறந்துவிட்டு ஹாண்டிலைச் சுற்றினால், பொறி முந்தி விழுந்து எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். சுற்றுகிறவர் கை போய்விடும்.

“வண்டி கையை ஒடிக்காது. லீவரைத் தள்ள மறந்தவா கையைத்தான் ஒடிக்கும். நான் மறக்கமாட்டேன்” என்றார்.

அவர் மறக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். கத்தரிக்கோல் ஒன்றை ஓர் அங்குலம் தள்ளி வைத்தால்கூடக் கண்டுபிடிப்பவர். ஆனாலும் அவர் வலது கையை நான் அன்றுமுதல் பார்க்கத் தொடங்கினேன். சாப்பிடும்போது, மருந்து எழுதும்போது, கொட்டகையில் மரச்சக்கரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது. எத்தனை வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அந்தக் கையை நம்பி அந்தப் படியேறி வருகிறார்கள், அதைக் கொண்டுபோய் இவர் ஓர் இரும்பு வாய்க்குள் கொடுக்கப் பார்க்கிறாரே என்று இருக்கும். வாட்ச்மேன் சொன்ன ஆளைத் தேடிப்போகவேண்டும் என்று பலமுறை நினைத்தேன். லீவரை மேலே தள்ளினாயா, மறந்தாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். மறந்தேன் என்று அவன் சொன்னால் நிம்மதி. தள்ளினேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே நான் போகவில்லை.

வண்டியைச் சரிசெய்யப் பல மாதங்கள் ஆயின. இராயப்பேட்டை மேஸ்திரி ஒருவர் எஞ்சினைப் பிரித்துக் கோத்தார். தோல் மெத்தை, டாப்புத் துணி, பித்தளை எல்லாம் டாக்டரம்மாவின் கைவேலை. பித்தளையைப் புளி போட்டு நான்தான் துலக்கினேன். இது அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் ஒருவர் செய்து, முதல் உலக யுத்தத்துக்கு முன்பே கடையை மூடிவிட்ட வண்டி என்று அவர் கண்டுபிடித்தார். அன்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கேசரி கிடைத்தது.

வண்டி ஓடத்தான் செய்தது. ஆனால் ஹாண்டில் கதையைக் கேட்டிருந்த மேஸ்திரி அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். அதனால் சந்துமுனையில் ஜட்கா ஸ்டாண்டில் நிற்கும் ஆட்கள் நாலைந்துபேர் வந்து தள்ளுவார்கள், தள்ளின வேகத்திலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். புதிதாகத் தெருப் போட்டிருந்த தியாகராய நகரில் அப்போது வீடுகள் குறைவு, சாலை அகலம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே ஓட்டிப் பார்ப்போம். வண்டிக்கு இழுவை இல்லை. கொஞ்ச தூரம் போவதற்குள் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பும். டாக்டரம்மா மண்ணெண்ணெய் விளக்கோடு கீழே படுத்துக் குழாய்களைக் குத்தித் துப்புரவு செய்வார், மறுவாரமும் கொதிக்கும். அவருக்குக் காரணம் பிடிபடவில்லை. எனக்கோ, அந்த வண்டி உள்ளுக்குள் எதையோ அடக்கிவைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கடைத்தெருவில் லுங்கி வியாபாரம் செய்யும் பாய் அவர். அவர் மருமகளை நாங்கள் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், குழந்தை குறுக்கே கிடந்தது. பெரியவர் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “பனிக்கொடம் ஒடைஞ்சிருச்சும்மா. புள்ளயோட கை மட்டும் வெளிய வந்திருக்குதாம். மருத்துவச்சி தொடமாட்டேன்னு ஒக்காந்துட்டாங்க” என்றார். ரிக்‌ஷாக்காரன் மாம்பலம் ஏரிப்பக்கம் சாலையில் முழங்காலளவு தண்ணீர், திரும்பி வரமுடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஜட்கா ஸ்டாண்டு காலி. லஸ் மூலையில் டாக்ஸி இல்லை. குழந்தையின் கை வெளியே வந்துவிட்டால் நேரம் எவ்வளவு குறைவு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

டாக்டரம்மா நேரே கொட்டகைக்குப் போனார். தள்ள ஆளில்லை. மண் குழைந்து சக்கரம் பதிந்திருந்தது, பெரியவரும் சேர்ந்து நாங்கள் மூன்றுபேர் தள்ளியும் வண்டி அசையவில்லை. அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு லீவரை மேலே தள்ளினார். நான் பார்த்தேன். கடைசிவரை தள்ளினார், விரலால் இன்னொரு முறை தட்டியும் பார்த்துக்கொண்டார். பிறகு முன்னால் வந்து ஹாண்டிலை நுழைத்தார். அந்த ‘டக்’ கேட்டது. அம்மா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் இழுத்துவிட்டார்.

கரும்பு முறிகிற மாதிரி இருந்தது. அவர் கத்தவில்லை. இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து, வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு அதையே பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே கை முள்கரண்டியைப்போல வளைந்திருந்தது. “ஒடிஞ்சுடுத்து. பலகை கொண்டா” என்றார், நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

இரண்டு பக்கமும் பலகைச் சிம்பு வைத்துக் கட்டினேன். அவிழ்ந்த முடிச்சை மறுபடி போட்டேன். பெரியவர் மூலையில் நின்று ஓதிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வண்டியின் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வலியால் என்று நினைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார். சட்டென்று, “அந்த லீவர் நகர்ற சட்டத்தைத் துணியால நன்னாத் தொடை. என்ன நிறம்?” என்றார்.

துடைத்தேன். “வெள்ளையா இருக்குதும்மா.”

“வண்டியில மத்த சாமானெல்லாம்?”

“பித்தளை.”

“நிக்கல் அது. யாரோ பூச்சுப் போட்டிருக்கான்னு நெனச்சேன். இல்லை. இந்த ஸ்டியரிங் தண்டே இந்த வண்டியோடது இல்லை. வேற வண்டியோடதைக் கொண்டுவந்து மாட்டியிருக்கா” என்றார். பிறகு வேகமாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். சில கம்பெனிக்காரர்கள் லீவரை நேர்மாறாக வைப்பார்கள், அவர்களுக்கு மேல் என்றால் முந்தல், கீழ் என்றால் தாமதம். இத்தனை வாரமும் வேகம் வேண்டுமென்று கீழே இழுத்து ஓட்டினோமே, அப்போதெல்லாம் பொறி தாமதமாகவே விழுந்திருக்கிறது. அதனால்தான் இழுவை இல்லை, அதனால்தான் கொதித்தது. அந்த டிரைவர்கள் எதையும் மறக்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி மேலே தள்ளிவிட்டுத்தான் சுற்றியிருக்கிறார்கள்.

“லீவரைக் கீழே வெச்சுட்டுச் சுத்தினா உதைக்காது” என்றார்.

“நிச்சயமாம்மா?”

என் முகத்தைப் பார்த்தார். “இல்லை” என்றார்.

பெரியவர் முன்னால் வந்தார். “நான் சுத்துறேன், இந்தப் பொண்ணு கை வேணும் அங்க” என்றார். லீவரைக் கீழே இழுத்துவிட்டேன். அவர் ஹாண்டிலைப் பிடித்துத் தொங்கினார். கால்வட்டம்கூட நகரவில்லை. அந்த ஹாண்டிலை மேலே இழுக்க அவர் உடம்பில் வலுவில்லை. மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார்.

மிச்சமிருந்தது என் கை. டாக்டரம்மா என்னை ஏவவில்லை. உன் கையைக் கேட்க எனக்கு உரிமையில்லை, மாட்டேன் என்று சொன்னாலும் ஒன்றும் நினைக்கமாட்டேன் என்றார். அவர் அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நைனாவின் தறி, வீட்டு அடுப்பு, மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த முகம் தெரியாத டிரைவர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குழந்தையின் கை மட்டும் வெளியே தொங்க, ஒரு பெண் என் ஊரில் பாயில் கிடப்பதும் வந்தது. என் கையும் ஒடிந்தால் அவளுக்கு யாருமே இல்லை. ஒடியாவிட்டால் நாங்கள் இருக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சட்டத்தின் நிறத்தைப் பார்த்து ஒருவர் செய்த ஊகம் மட்டும். ஹாண்டிலை எடுத்தேன்.

“இடது கையால. கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காதே, மத்த விரலோட சேத்து வெச்சுக்கோ. கீழேர்ந்து மேலே மட்டும் இழு” என்றார்.

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. அடுத்த இழுப்பில் எஞ்சின் ஒரு முறை இருமியது, நான் கையை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்துவிட்டேன். உதைக்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மூன்றாவது இழுப்பில் அது பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுவதும் அதிர்ந்தது. ஆயா பின்கதவில் நின்று அழுதுகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரியவர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் வண்டி ஓட்டியவள் இல்லை. டாக்டரம்மா இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காலால் கிளட்சை மிதித்து, “முன்னால தள்ளு”, “பின்னால இழு” என்று சொல்லச் சொல்ல நான் பக்கத்திலிருந்து கியரைப் போட்டேன். அந்த வண்டிக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். ஈரத்தில் அதுவும் வழுக்கும். தேனாம்பேட்டை தாண்டி மவுண்ட் ரோடில் ஏறியதும், “இப்போ லீவரை மேலே தள்ளு” என்றார். தள்ளினேன். வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. இத்தனை மாதம் எங்களிடம் காட்டாத பலம் அத்தனையும் அப்போது வந்தது. அவர் ஊகம் சரி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் எனக்கு அந்த வேகம் இன்னும் கிலியாக இருந்தது. மழைத்திரைக்குள்ளிருந்து மாடும் வண்டியும் சட்டென்று முளைத்து முளைத்து விலகின. ஏரிப்பக்கம் தண்ணீருக்குள் இறங்கியபோது, எந்த வண்டிக்குப் பயந்தேனோ அந்த வண்டியிடமே, நின்றுவிடாதே என்று கெஞ்சினேன்.

சைதாப்பேட்டையில் எஞ்சினை நிறுத்த எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஓடவிட்டே உள்ளே போனோம். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. டாக்டரம்மா இடது கையால் குளோரோபார்மைச் சொட்டவிட்டார். “நீதான்” என்றார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, என் கை போகும் வழியைத் தானே தடவிப் பார்ப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். இது முதுகு, விட்டுடு. இன்னும் மேலே. முட்டி கிடைக்கும், அதோட போ. குதிகால் இருக்கா பார், இல்லேன்னா அது இன்னொரு கை. வெளியே எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றுபோயிற்று. பெட்ரோல் தீர்ந்ததோ, தண்ணீர் போனதோ. அந்த அமைதியில் என் கை உள்ளேயே உறைந்துவிட்டது.

“அது கிடக்கட்டும். குதிகால் எங்கே?” என்றார் டாக்டரம்மா.

கிடைத்தது. குழந்தை கால் முன்னாக வந்தது. நீலம்பாரித்து, வெகுநேரம் அசைவில்லாமல் கிடந்து, அழுமா அழாதா என்று நாங்கள் கைவிடப்போகும் நேரத்தில் ஒரு பூனைக்குட்டியைப்போல முனகியது. தாய்க்குச் சில வாரம் காய்ச்சல் அடித்தது, பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றிவிட்டு நான் மறுபடி ஹாண்டில் சுற்றவேண்டியிருந்தது. தெருவே கூடிவிட்டது, நைனாவும் வந்து நின்றார். முந்தின நாளைவிட அன்று எனக்குப் பயம் அதிகம். முந்தின நாள் பயப்படப் பொழுது இல்லை. அன்று மணிக்கட்டு எப்படி முறியும் என்று நினைத்துப் பார்க்க ஓர் இரவு முழுவதும் கிடைத்திருந்தது. லீவர் கீழேதான் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

டாக்டரம்மாவின் எலும்பை உடனே நேராக்கியிருக்கவேண்டும். ஓர் இரவு கடந்துவிட்டது. கை கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. பேனா பிடிக்க முடிந்தது, குழந்தையைத் திருப்புகிற பலம் திரும்பி வரவில்லை. அதன்பிறகு அந்த வேலை என்னுடையதாயிற்று, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவார். கட்டுப் பிரித்த வாரமே கொட்டகைக்குப் போய்விட்டார். பல நாள் தேடி, அந்தத் தண்டு எந்தக் கம்பெனி வண்டியுடையது என்று கண்டுபிடித்தும்விட்டார். பெயரைச் சொல்லும்போது அவர் முகத்தில் அதே பூரிப்பு. கோணல் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, கோபமும் வந்தது. பிறகு மேஸ்திரியை வைத்து, மேலே என்றால் தாமதம் என்று பெரும்பாலான வண்டிகளில் இருப்பதைப்போலவே இணைப்பை மாற்றச் சொன்னார். நம்ம கையோட இது முடியட்டும் என்றார். மார்க்கெட்டில் இருந்த அந்த டிரைவரைத் தேடிப்போய், தப்பு உன்னுடையதில்லை என்று சொல்லிவிட்டும் வந்தார்.

இப்போது எனக்கு லஸ்ஸில் சாலையைக் கடக்க ஒரு கை துணை வேண்டியிருக்கிறது. சாவியைத் திருகினால் வண்டி கிளம்பிவிடுகிறது, பெண்கள் சாதாரணமாக ஓட்டிப் போகிறார்கள். நான் கடைசிவரை ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. மருத்துவச்சியாகவே முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன்.

அந்த மழைக்கு அடுத்த வருஷம் ஒரு கடினமான பிரசவத்துக்குக் கைகழுவிக்கொண்டிருந்தபோது, இன்னும் ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது, இது என்றைக்குப் போகும் என்று அவரிடம் கேட்டேன்.

அவர் இடது கையால் எனக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு, “அன்னிக்கு ஹாண்டிலைப் பிடிச்சப்போ எனக்குப் பயமே இல்லை. எல்லாம் தெரியும்னு நெனச்சேன்” என்றார். “உனக்குப் பயம் போயிடுத்துன்னு என்னிக்குத் தோணறதோ, அன்னிக்கு என்கிட்ட சொல்லு. நான் வேற கையைப் பாத்துக்கறேன்.”

அவர் கண்ணை மூடும்வரை, பயம் போய்விட்டது என்று நான் அவரிடம் வந்து சொல்லவேண்டி வரவில்லை.